கண் சிவத்தல்: காரணங்களும் நிவாரண முறைகளும்

கண் சிவத்தல் என்பது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளமே ஆகும். இரவு கண் விழித்தவனுக்கும் கண் சிவக்கும். பார்வையை இழக்கும் தறுவாயில் உள்ளவனுக்கும் கண் சிவக்கும். நிறம் ஒன்றாக இருப்பினும் அவற்றின் விளைவுகள் வேறு வேறானவை. கிராமங்களில் பணிபுரியும் கள ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் மருத்துவரைக் காட்டிலும் முன்னதாகவே நோயாளியைக் காண்பவர்கள். ஆகையால் எந்தச் சிவப்பு தானே ஆறக்கூடியது, எந்தச் சிவப்பு ஒரு நாளும் தாமதிக்க இடம் தராதது என்பதை அவர்கள் பிரித்தறிதல் மிகவும் அவசியம்.

சிவப்பு உண்டாகும் விதம்

விழியின் வெண்மையான பகுதியை மூடியும், இமைகளின் உட்புறத்தைத் தழுவியும் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு ஒன்று அமைந்துள்ளது. இதனை விழி வெண்படலம் என்பர். இதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பல உள்ளன. சாதாரண நிலையில் அவை சுருங்கியிருப்பதால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புகை, தூசி, கிருமி, காயம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தாக்கும்போது, பாதுகாப்புக்குரிய வெள்ளணுக்களை அவ்விடத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்காக அக்குழாய்கள் விரிகின்றன. அவ்விரிவே சிவப்பாகத் தோன்றுகிறது.

சிவப்பு எவ்விடத்தில் மிகுந்துள்ளது என்பதை நோக்குதல் பயன் தரும். இமையின் உட்புறத்திலும் விழியின் ஓரங்களிலும் மிகுந்து, கருவிழியை நெருங்க நெருங்கக் குறைந்து காணப்படுமாயின், அது பெரும்பாலும் மேற்புற அழற்சியே ஆகும். அதற்கு மாறாக, கருவிழியைச் சுற்றி வளையமிட்டாற்போல் சிவந்திருக்குமாயின், நோய் கண்ணின் உட்பகுதியிலோ கருவிழியிலோ உள்ளது என ஐயுறுதல் வேண்டும்.

தொற்றிப் பரவும் கண் நோய்

தமிழ் நாட்டில் ‘மெட்ராஸ் ஐ’ என்று வழங்கும் நோயையே வடநாட்டு மக்கள் ‘ஆங்க் ஆனா’, அதாவது ‘கண் வருதல்’ என்கின்றனர். 1971ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இது பரவியபோது, வங்க தேச விடுதலைப் போராட்டத்தின் முழக்கமே இதற்குப் பெயராகி, ‘ஜாய் பங்களா’ என்று வழங்கிற்று. 1969ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் இரத்தக் கசிவுடன் கூடிய கண் நோய் ஒன்று முதன் முதலாகக் காணப்பட்டது. மனிதன் சந்திரனில் இறங்கிய காலத்தை ஒட்டி அது தோன்றியமையால், அங்குள்ளோர் அதனை ‘அப்போலோ 11 நோய்’ என அழைத்தனர். இப்பெயர்கள் யாவும் ஒரே வகை நோயைக் குறிப்பன. ஆனால் அதனை உண்டாக்கும் வைரஸ்கள் பலவாகும். அடினோ வைரஸ், என்டெரோ வைரஸ் 70, காக்சாக்கி வைரஸ் ஏ24 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

அண்மைக் காலத்தில் டில்லி மாநகரம் இந்நோயைப் பெருமளவில் கண்டது 2023ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள் யமுனை நதியின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற அளவையும் விஞ்சியது. தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர் வீடிழந்து முகாம்களில் நெருங்கி வாழ நேர்ந்தது. மழைக்கால ஈரமும், சுத்தமான தண்ணீரின் குறைவும், நெருக்கமும் ஒன்று சேர்ந்த அந்நாட்களில் கண் நோயும் நகரெங்கும் பரவிற்று. 1967ஆம் ஆண்டில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நிறுவப்பெற்ற டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்திற்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 100 பேர் இந்நோயுடன் வந்தனர்.

நோயாளியின் கண்ணை உற்று நோக்கினால் நோய் தொற்றிக் கொள்ளும் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. இது தவறாகும். பார்வையினால் எக்கிருமியும் பரவுவதில்லை. கண்ணீரிலுள்ள கிருமி விரல்களுக்கும், விரல்களிலிருந்து துண்டு, தலையணை, கதவின் கைப்பிடி, பேனா முதலியவற்றுக்கும், அங்கிருந்து மற்றொருவரின் விரல் வழியாக அவர் கண்ணுக்கும் செல்கிறது. நோயாளி அணியும் கறுப்புக் கண்ணாடி ஒளியினால் ஏற்படும் கூச்சத்தைத் தணிக்குமேயன்றி, நோய் பரவுவதைத் தடுக்காது. கைகளைச் சோப்பினால் நன்கு கழுவுதலே அதனைத் தடுக்கும்.

மூவகை அழற்சிகளைப் பிரித்தறிதல்

வைரஸினால் வரும் அழற்சியில் கண்ணிலிருந்து நீர் போன்ற கசிவு மிகுதியாக வெளிப்படும். முதலில் ஒரு கண்ணிலும், சில நாட்களுக்குள் மற்றதிலும் தோன்றும். மணல் விழுந்தாற் போன்ற உறுத்தல் இருக்கும். சளி, தொண்டை வலி ஆகியவையும் உடன் காணப்படலாம்.

பாக்டீரியாவினால் வரும் அழற்சியில் சீழ் போன்ற கெட்டியான பீளை தள்ளும். காலையில் எழும்போது இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டிருக்கும்.

ஒவ்வாமையினால் வரும் அழற்சியின் தனி அடையாளம் அரிப்பு. இரு கண்களும் ஒருங்கே சிவக்கும். நூல் போன்ற பிசுபிசுத்த கசிவு காணப்படும். வறண்ட வெப்பம் மிகுந்த வட இந்தியாவில் வசந்த காலத்திலும் கோடையிலும் பள்ளிச் சிறுவர்களிடையே இதனை அதிகமாகக் காணலாம். இது பிறருக்குத் தொற்றாது. ஆகவே இச்சிறுவர்களை வகுப்பிலிருந்து விலக்கி வைத்தல் தேவையற்றது. ஆயின் அவர்கள் கண்ணை ஓயாது கசக்குவதைத் தடுத்தல் வேண்டும். நெடுங்காலம் கசக்குவதனால் கருவிழி மெலிந்து கூம்பு வடிவம் பெற்றுப் பார்வை குன்றக்கூடும்.

கிருமியின்றி வரும் சிவப்பு

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக் காற்றும், அக்டோபர் முதல் ஜனவரி வரை நகரைச் சூழும் புகை மூட்டமும் கண்ணெரிச்சலுக்குப் பெருங் காரணங்களாகும். விறகடுப்பின் புகையும் இத்தகையதே. கணிப்பொறியையோ கைபேசியையோ நெடுநேரம் நோக்குவோர் கண் இமைப்பது வெகுவாகக் குறைந்து விடுவதால், கண்ணின் ஈரம் உலர்ந்து சிவப்பு ஏற்படுகிறது. இவர்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள பொருளைச் சிறிது நேரம் நோக்கி, பல முறை இமைத்தல் நன்று.

சில சமயம் வலியோ கசிவோ இன்றி, வெண்விழியில் இரத்தம் சிந்தியது போன்ற செந்திட்டு ஒன்று திடீரெனத் தோன்றும். கடுமையாக இருமுவதாலோ, தும்முவதாலோ, பளு தூக்குவதாலோ நுண்குழாய் ஒன்று வெடிப்பதால் ஏற்படுவது இது. காண்பதற்கு அச்சம் தருவதாயினும், ஒன்றிரண்டு வாரங்களில் தானே மறையும். இரத்த அழுத்தத்தைச் சோதித்துக் கொள்ளுதல் மட்டும் நலம். அடிபட்ட பின் தோன்றியதாயின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

தாமதிக்கலாகாத சிவப்பு

பின்வரும் அடையாளங்களுள் ஒன்றேனும் காணப்பட்டால், வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தாமல் அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

1. பார்வை மங்குதல்.
2. கடுமையான வலி, ஒளியைக் காண இயலாத கூச்சம்.
3. கருவிழியில் வெண்மையான புள்ளி அல்லது மங்கல்.
4. கண்மணி ஒரு கண்ணில் சிறுத்தோ பெருத்தோ இருத்தல்.
5. தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தோன்றுதல்.
6. கண்ணில் அடி, இலை அல்லது வைக்கோல் கீறல், இரசாயனப் பொருள் படுதல்.
7. பிறந்து ஒரு மாதத்திற்கு உட்பட்ட சிசுவின் கண்ணில் சிவப்பும் பீளையும்.
8. கண்ணில் அறுவை செய்து கொண்டவர், ஒட்டுக் கண்ணாடி அணிபவர் ஆகியோரின் கண் சிவத்தல்.

இவற்றுள் ஐந்தாவது, கண்ணின் உள்ளழுத்தம் திடீரென உயர்வதைக் குறிக்கும். சில மணி நேரத்தில் பார்வை நரம்பைப் பாழாக்க வல்லது இது. வாந்தியை முன்னிட்டு இதனை வயிற்றுக் கோளாறென எண்ணி ஏமாறுவோர் உண்டு.

ஆறாவதாகக் கூறியது விவசாய நாட்டில் மிகவும் முக்கியமானது. கதிரறுக்கும்போதும் களத்தில் தூற்றும்போதும் நெல்லின் தோகையோ உமியோ கருவிழியைக் கீறிவிட, அக்கீறலின் வழியே பூஞ்சைக் கிருமிகள் புகுந்து புண்ணை உண்டாக்குகின்றன. ஆறிய பின்னரும் அப்புண் வெண்தழும்பாக நின்று பார்வையை மறைக்கும். நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று இதற்கு நல்வழி காட்டியது. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரத் தொண்டர்கள், கருவிழி கீறப்பட்டவர்களுக்கு 1 சதவீதக் குளோராம்பெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று முறையாக மூன்று நாட்கள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப்பெற்றவருள் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. தாமதம் கூடக் கூடப் புண்ணும் கூடிற்று. கண்ணைக் காப்பதில் மருந்தைப் போலவே நேரமும் மதிப்புடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு குழந்தைகளின் கண்ணில் தெறிப்பதும் அடிக்கடி நிகழும் விபத்தாகும். சுண்ணாம்பு காரப் பொருளாதலால் திசுக்களைக் கரைத்து உள்ளே இறங்கிக் கொண்டே செல்லும். அக்கணமே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரைக் கொண்டு இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 30 நிமிடங்கள் தொடர்ந்து கழுவுதல் வேண்டும். மருத்துவமனைக்குப் புறப்படுதல் அதற்குப் பின்னரே. காரத்தை முறிப்பதற்கென எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ இடலாகாது. பூச்சி மருந்து பட்டாலும் இம்முறையே ஏற்றது.

நிவாரண முறைகள்

வைரஸ் அழற்சிக்குத் தனி மருந்து இல்லை. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அது தானே தணியும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சினால், மூக்கின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக இமைகளைத் துடைத்தல் வேண்டும். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மற்றக் கண்ணுக்குப் பயன்படுத்தலாகாது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைகளின்மேல் இடுவது எரிச்சலையும் அரிப்பையும் தணிக்கும். செயற்கைக் கண்ணீர்த் துளிகள் உறுத்தலைக் குறைக்கும். பாக்டீரியா அழற்சிக்கு மருத்துவர் கூறும் கிருமிக்கொல்லித் துளிகளை, அவர் கூறிய நாட்கள் வரை இடுதல் வேண்டும். ஒருவருடைய மருந்துப் புட்டியை மற்றவர் பயன்படுத்துவதும், திறந்து ஒரு மாதம் கடந்த மருந்தை இடுவதும் தவறு.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பூக்களின் சாறு, பன்னீர் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. இவை எவ்வளவு பழமையானவையாயினும், கிருமி நீக்கப்படாத எப்பொருளும் புண்பட்ட கருவிழிக்குப் பகையே ஆகும். வடநாட்டில் இடப்படும் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பது உண்டு; குழந்தைகளுக்கு இது இரட்டைத் தீங்காகும்.

யாவற்றினும் பெரிய அபாயம் ஸ்டிராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமே கடையில் வாங்கி இடுவதாகும். இம்மருந்து சிவப்பை விரைவில் மறைத்து விடும். அதனாலேயே மக்கள் அதனை நம்புகின்றனர். ஆனால் கருவிழியில் பூஞ்சைப் புண் இருக்குமாயின், உடலின் எதிர்ப்பை ஒடுக்கி அப்புண்ணைக் காட்டுத் தீப்போல் பரவச் செய்யும். நெடுநாள் இடின் கண்ணழுத்தமும் கண்புரையும் உண்டாகும். ஒவ்வாமையால் வருந்தும் சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் இதனையே வாங்கி இட்டுப் பார்வை நரம்பு பட்டுப்போன நிகழ்ச்சிகள் மருத்துவர்களால் எடுத்துக் காட்டப்பட்டுள்ளன. சிவப்பு மறைந்தது என்பதனால் நோய் நீங்கியது என்று கொள்ளலாகாது. இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெண்மையாக்கும் துளிகளும், தொடர்ந்து இட்டால் முன்னிலும் மிகுந்த சிவப்பையே தரும்.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத் தக்கவை

தொற்றும் கண் நோயுடைய மாணவனைக் கசிவு நிற்கும் வரை வீட்டில் இருக்கச் செய்தல் வேண்டும். அதனைத் தண்டனை போன்று தோன்றாவாறு, பெற்றோருக்குக் காரணம் கூறி அனுப்புதல் நலம். பள்ளியில் தண்ணீரும் சோப்பும் கிடைக்கச் செய்தல், பொதுத் துண்டை விலக்குதல், மேசைகளையும் கைப்பிடிகளையும் துடைத்தல் ஆகியவை பரவலைக் குறைக்கும்.

இத்தகைய எளிய செயல்களின் ஆற்றலைக் குறைவாக மதிப்பிடலாகாது. ஒரு காலத்தில் வட இந்தியக் கிராமங்களில் எண்ணற்றோரைக் குருடாக்கிய டிரக்கோமா என்னும் கண் நோய்க்கு எதிராக, 1963ஆம் ஆண்டில் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முகத் தூய்மை, தண்ணீர் வசதி, மருந்து, தேவையானோருக்கு இமை அறுவை ஆகியவற்றை விடாது மேற்கொண்டதன் பயனாக, 2024ஆம் ஆண்டு அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை இந்தியா ஒழித்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வீடு வீடாகச் சென்ற ஊழியர்களும் குழந்தைகளுக்கு முகங்கழுவக் கற்பித்த ஆசிரியர்களும் இன்றி இவ்வெற்றி கிட்டியிராது.

சிவந்த கண்ணைக் காணுமிடத்து ஊழியர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: வலிக்கிறதா? பார்வை மங்கியுள்ளதா? ஏதேனும் பட்டதா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை கிடைத்து, மேற்கூறிய பிற அடையாளங்களும் இல்லையாயின், தூய்மையும் பொறுமையும் பெரும்பாலும் போதும். ஒன்றுக்கேனும் ஆம் என்ற விடை வருமாயின், நோயாளி அன்றே கண் மருத்துவரை அடையும்படி செய்தல் ஊழியரின் கடமையாகும்.