லோகோவில் நின்ற போன்: முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட போனில் லினேஜ் ஓஎஸ் போன்ற கஸ்டம் ரோம் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஓட்டலாம். ஆனால் ஏற்றி முடித்ததும் போன் லோகோவிலேயே நின்றுவிட்டால் பலரும் பதறிப்போய், கண்ணில் படும் ஃபைலையெல்லாம் ஃபிளாஷ் செய்கிறார்கள். சரிசெய்ய முடிந்த போன் செத்துப்போவது பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான்.

ஸ்லாட் என்பது 2016இல் ஆண்ட்ராய்டு 7உடன் வந்த ஏற்பாடு. பூட், சிஸ்டம் போன்ற பகுதிகள் 'ஏ', 'பி' என இரண்டிரண்டாக இருக்கும்; ஒவ்வொரு தொகுதியும் ஒரு ஸ்லாட். உங்கள் படங்களும் செய்திகளும் இருக்கும் டேட்டா பகுதியோ ஒன்றுதான். ஆகவே அழிந்த டேட்டா, ஸ்லாட்டை மாற்றுவதால் திரும்பி வராது. ரெக்கவரி வழியாக ரோமை ஏற்றும்போது அது இயங்காத ஸ்லாட்டில்தான் போய் உட்காரும். அடுத்து ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்யாமல் கூகுள் ஆப்ஸ் தொகுப்பை ஏற்றினால் அது பழைய ஸ்லாட்டுக்குப் போய்விடும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

போனைக் கணினியிலிருந்து கட்டளை தரும் ஃபாஸ்ட்பூட் நிலையில் வைத்து, 'கெட்வார் கரண்ட்-ஸ்லாட்' கட்டளையால் எந்த ஸ்லாட் நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். 'செட் ஆக்டிவ்' கட்டளையால் மற்றதற்கு மாறலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாறாதீர்கள். அந்த ஸ்லாட் காலியாகவோ பழைய ஃபர்ம்வேருடனோ இருந்தால் போன் அடியோடு முடங்கக்கூடும். இதற்காகவே பல மாடல்களில், ரோம் ஏற்றுவதற்கு முன் இரு ஸ்லாட்டிலும் ஒரே ஃபர்ம்வேர் இருக்கச் செய்யும்படி லினேஜ் ஓஎஸ் வழிகாட்டி சொல்கிறது. 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது கூகுளே இப்படி எச்சரித்தது: இயங்காத ஸ்லாட்டில் பழைய பூட்லோடர் (போனைத் துவக்கும் நிரல்) இருக்கும், போன் அதற்குத் திரும்பினால் துவங்காமல் போகலாம்.

எது நடந்தாலும், கஸ்டம் ரோம் இருக்கும் நிலையில் பூட்லோடரைப் பூட்டிவிடாதீர்கள். அந்த ரோமின் கையொப்பத்தைப் போன் ஏற்காவிட்டால் துவங்க மறுக்கும். மறுபடி திறக்கும் வழியும் அடைபடலாம்.

இனி உரிமைகள். பூட்லோடரைத் திறந்தால் வாரண்டி கிடையாது என்று பல நிறுவனங்களின் நிபந்தனை சொல்லும். வாங்கும்போதே படித்துவிடுங்கள். ஆனால் உப்பிய பேட்டரிக்கும் கோடு விழுந்த டிஸ்ப்ளேக்கும் ரோம்தான் காரணம் என்று சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இந்தியாவின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைப் பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், உங்கள் போனின் கெர்னல் மூலநிரலைத் தயாரிப்பாளரிடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பூட்லோடரைத் திறந்தால் டேட்டா முழுவதும் அழியும். சில வங்கிச் செயலிகளும் இயங்க மறுக்கலாம். எனவே திறப்பதற்கு முன் படங்களை வேறிடத்தில் சேமியுங்கள். உங்கள் மாடலுக்கே உரிய முழு ஸ்டாக் ஃபர்ம்வேரையும் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.