கொல்லையில் ஒரு நாற்றுக் குடில்: பாலித்தீன் வேண்டாம், வலை போதும்

'வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. குறைந்த செலவில் பசுமைக்குடில் அமைப்பது எப்படி?' இந்தக் கேள்வியோடு வரும் கடிதங்கள் அண்மையில் அதிகமாகிவிட்டன. கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, 'உங்கள் ஊர் எது?' என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஒரு பதில். வேலூர், பெரம்பலூர், விருதுநகர் என்றால் முற்றிலும் வேறு பதில்.

கண்ணாடியாலும் பாலித்தீனாலும் மூடிய பசுமைக்குடில் குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே சூட்டைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நம் சமவெளியில் யாருக்கு வேண்டும் அந்தச் சூடு? வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தக்காளியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே பூ கொட்டத் தொடங்கிவிடும். படம் பார்த்து ஆசைப்பட்டு, மூங்கிலை வளைத்துப் பாலித்தீன் போர்த்தி, உள்ளே வைத்த நாற்று மூன்றாம் நாளே வெந்துபோனதாக வருத்தப்படும் விவசாயிகள் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

சமவெளி விவசாயிக்குத் தேவை வலைக் குடில். அதைக் காய் பறிக்கும் இடமாக நினைக்காமல் நாற்று வளர்க்கும் இடமாக நினைத்துக் கட்டினால் போட்ட காசு ஒரே பட்டத்தில் திரும்பும்.

மிளகாய், தக்காளி போடுகிறவர்களுக்கு இலைச்சுருட்டு நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. காய்ப்புக்கு வந்த செடியில் நோய் வந்தால் ஓரளவு மகசூலாவது தேறும். நாற்றிலேயே வந்துவிட்டால் அந்தச் செடி குட்டையாகச் சுருண்டு நிற்கும், காய்க்காது. திறந்த நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைக் காசு கொடுத்து வாங்கி நடும்போது நாற்றோடு நோயையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். நட்ட பிறகு எத்தனை மருந்து அடித்தாலும் செடிக்குள் புகுந்த நச்சுயிரியை வெளியேற்ற முடியாது. முதல் 35, 40 நாள் நாற்றை வெள்ளை ஈ தொடாமல் காப்பாற்றுங்கள். அரை ஏக்கரை நம்பி இருக்கும் குடும்பத்துக்குப் பட்டம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

20 அடி நீளம், 10 அடி அகலம் போதும். நடுவில் 2 அடி நடைபாதை விட்டு இருபுறமும் 4 அடி அகலத்துக்குக் குழித்தட்டுகளை அடுக்கினால், 98 குழி கொண்ட தட்டுகள் 80 தாராளமாகப் பிடிக்கும். அதாவது 7,800 நாற்று. மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. என்று வைத்தால் 50 சென்டுக்குச் சுமார் 7,500 செடி ஆகும். கணக்கு சரியாக வருகிறது. பட்டுப்போன இடத்தில் நட ஒரு முந்நூறு நாற்று மிச்சமும் இருக்கும்.

இடம் பார்க்கும்போது தென்னைக்கு அடியில் போடாதீர்கள். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் வலை போயிற்று, ஆள் உள்ளே இருந்தால் அதைவிட மோசம். காலை வெயில் தடையில்லாமல் விழ வேண்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். காய்த்து ஓய்ந்த கத்தரி, வெண்டைச் செடிகள் அருகில் நின்றால் முதலில் பிடுங்கி எறியுங்கள். வெள்ளை ஈ தங்குமிடமே அதுதான்.

கால்களுக்குச் சவுக்கு நல்லது. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் மூங்கில் போதும். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கால், ஒவ்வொன்றும் எட்டரை அடி. நடுவரிசைக்கு 10 அடியில் மூன்று. எல்லாவற்றையும் 2 அடி ஆழத்தில் நட்டால் ஓரம் ஆறரை அடியும் நடு 8 அடியும் நிற்கும். இந்தச் சரிவு மழைக்காலத்துக்கு அவசியம். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசி, காயவிட்டு நடுங்கள். இல்லையென்றால் கரையான் இரண்டு வருடத்தில் அரித்துவிடும். நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு என்று 20 அடி மூங்கில் மூன்றை நீளவாக்கில் கட்டி, குறுக்கே ஐந்தரை அடி மூங்கில் துண்டு பத்தைச் சரிவாகக் கட்டினால் கூடு தயார். ஆடிக் காற்று அடித்து வீசும் உடுமலை, கம்பம் பக்கத்துக்காரர்கள் நான்கு மூலையிலும் முளையடித்துக் கம்பியால் இழுத்துக் கட்ட மறக்கக் கூடாது.

வலை விரிக்கும் முன் ஒரு சின்ன வேலை உண்டு. மூங்கிலின் வெட்டுமுனை, கட்டுக்கம்பியின் முடிச்சு எல்லாவற்றின் மேலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். வலை பெரும்பாலும் வெயிலில் கிழிவதைவிட இந்த முனைகளில் உரசித்தான் கிழிகிறது.

அடுத்ததுதான் பலரும் கோட்டைவிடும் இடம். கூரைக்குப் பச்சை நிழல்வலை, சுற்றிலும் பூச்சித்தடுப்பு வலை என்று போட்டுவிட்டு, 'பாதுகாப்பான குடில்' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 50 சதவீத நிழல்வலையின் கண் வழியாக வெள்ளை ஈ தாராளமாக இறங்கும். சுவரில் கம்பி வலை அடித்துவிட்டுக் கூரையில் ஓட்டை விட்டால் கொசு வராதா? ஆகவே பூச்சித்தடுப்பு வலை கூரையையும் சேர்த்து முழுக்க மூட வேண்டும். 40 மெஷ் குறைந்தபட்சம், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண். 50 மெஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் நெருக்கமாகப் போனால் காற்றோட்டம் குறைந்து உள்ளே புழுங்கும். இந்த அளவுக் குடிலுக்கு 75 சதுர மீட்டர் பூச்சித்தடுப்பு வலை ஆகும். கீழ் ஓரம் அரை அடியாவது மண்ணுக்குள் புதைய வேண்டும். இணைப்புகளை இரண்டாக மடித்து நைலான் நூலால் தைத்துவிடுங்கள்.

நிழல்வலையை அதற்கு மேலே தனியாக, இழுத்துச் சுருட்டும்படி போடுங்கள். 50 சதவீதத்தில் 28 சதுர மீட்டர் போதும். கோடை நடுப்பகலுக்கு நிழல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மூட்டத்திலும் நிழல்வலை கிடந்தால் நாற்று வெளிச்சம் தேடி வெளிறி, நூல்போல நீண்டுவிடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பே நிழல்வலையை முழுவதும் விலக்கிவிட்டால் நாற்று வயல் வெயிலுக்குப் பழகிக்கொள்ளும்.

வாசல் குறுகிய பக்கத்தில், நடுக்காலை ஒட்டி இருக்கட்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திரை தொங்கவிட்டு, முதல் திரை மூடிய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கோழி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்!

80 தட்டுக்கு மக்கிய தென்னை நார்க்கழிவு சுமார் 100 கிலோ தேவைப்படும். அதோடு வேப்பம் பிண்ணாக்கு 2 கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 300 கிராம் கலந்து குழிகளை நிரப்புங்கள். மக்காத நாரைப் போட்டால் நாற்று மஞ்சளாகி நின்றுவிடும். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி, கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் கலந்து குழிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீனால் மூடி, ஆறாம் நாள்வாக்கில் முளை தெரிந்ததும் பிரித்துக் குடிலில் பரப்ப வேண்டும். தினமும் பூவாளியால் தண்ணீர். 18ஆம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து ஊற்றினால் போதும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30-35 நாளிலும், மிளகாய் 35-40 நாளிலும் நடவுக்கு வந்துவிடும்.

இலைப்பேன் 40 மெஷ்ஷிலும் நுழையக்கூடியது. மஞ்சள், நீல ஒட்டுப்பொறி ஒவ்வொன்று உள்ளே தொங்கட்டும். வயலுக்குப் போன பிறகு வலை கிடையாது என்பதால், நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் எழுந்து நிற்க வேண்டும்.

நாற்று போன பின் குடில் காலியாகக் கிடக்க வேண்டாம். கோடையில் கொத்தமல்லித் தழை விலை ஏறும். வெட்டவெளியில் அப்போது அது சரியாக வராது. நிழல்வலைக்குக் கீழே பாத்தி பிடித்து, மல்லியை இரண்டாக உடைத்து விதைத்தால் நாற்பது நாள்வாக்கில் கட்டுக்கட்டலாம்.

இனி வாசகர்கள் தனித்தனியாகக் கேட்டவை.

வலைக்குப் பதில் பழைய சேலை கட்டலாமா? நிழலுக்குக் கட்டலாம், நம் பெண்கள் காலங்காலமாகக் கட்டுவதுதான். ஆனால் சுற்றிலும் சேலையால் மூடினால் காற்று நின்றுவிடும்; மழையில் நனைந்து தொங்கி நாற்றை அமுக்கும். வாசலின் உள்திரைக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

ஐப்பசி மழையில் என்ன செய்வது? அப்போது மட்டும் பாலித்தீன் உதவும். கூரை மேல் மட்டும் விரித்து இறுகக் கட்டுங்கள், பக்கவாட்டை மூடாதீர்கள். தட்டில் ஈரம் தங்கினால் நாற்றழுகல் வரும். மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள்.

பாகல், புடலையை உள்ளேயே வளர்க்கலாமா? கொடி நன்றாகப் படரும், காய்தான் பிடிக்காது. தேனீ உள்ளே வர வழியில்லை. தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம், எங்களுக்கும் வலைதானா? உங்களுக்குப் பாலித்தீன் பொருந்தும். மார்கழி, தையில் விழும் உறைபனியிலிருந்து அது காப்பாற்றும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த 200 மைக்ரான் தாளாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் ஒரு வெயில் காலத்தைத் தாண்டாது. நண்பகலில் பக்கவாட்டுத் தாளைச் சுருட்டிவிட வழி இருக்க வேண்டும்.

மானியம் உண்டா? தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் நிழல்வலைக் குடிலுக்கு 50 சதவீத மானியம் இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கட்டிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. ஆனால் 200 சதுர அடிக்காக அலைந்தால் பட்டம் தவறிவிடும். இதைச் சொந்தக் காசில் கட்டிக்கொண்டு, பெரிதாகப் போடும்போது மானியத்துக்குப் போங்கள் என்பது என் யோசனை.