டயாலிசிஸ் நோயாளிகளும் தூங்காத இரவுகளும்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரவுத் தூக்கம் சரியாக இல்லை. மருத்துவரைப் பார்க்கும்போது உடல் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், பொட்டாசியம் என்றே பேச்சு போய்விடுவதால் தூக்கத்துக்கு முறை வருவது அரிது. வந்தாலும் ‘ராத்திரி தூக்கமே இல்லை’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கலாம். ஒன்றுக்குத் தரும் மருந்து இன்னொன்றைக் கிளறிவிடவும் கூடும்.

அதிகம் கண்ணில் படாமல் போவது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ எனப்படும் ஓயாத கால் கோளாறு. சுவீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945-இல் இதை விரிவாக விவரித்துப் பெயரும் வைத்தார். பொழுது சாய்ந்தபின் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, குடைவதுபோல இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும்; படுத்தால் மறுபடி தொடங்கும். டயாலிசிஸ் நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு இது உண்டு. அசையாமல் இருந்தால் கூடும் தொல்லை என்பதால், நான்கு மணி நேர டயாலிசிஸே இவர்களுக்குச் சோதனையாகிவிடுகிறது. கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருக்க, எழுந்திருக்க வழியில்லை. ஒரு பாதத்தை மற்றதன்மேல் தேய்ப்பதும், முழங்காலை மடக்கி நீட்டுவதுமாக மூன்றாவது மணி நேரத்தைத் தள்ளியவர், அரைமணி முன்னதாகவே நிறுத்திவிடச் சொல்லி டெக்னீஷியனைக் கெஞ்சுவார். அப்படி நிறுத்தினால் கழிவும் நீரும் உடலில் தங்கிவிடும்.

மூளையில் இரும்புச்சத்துக் குறைவதும், டோபமின் செயல்பாடு பிசகுவதும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தின் இரும்பு அளவை. அடுத்தது மருந்துச் சீட்டை. டயாலிசிஸ் நோயாளிகளைப் பாடாய்ப் படுத்தும் இன்னொரு தொல்லை, இரவில் கூடும் அரிப்பு. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை கண்ணைச் சொக்க வைக்கும். கால் குடைச்சலையோ அதிகமாக்கிவிடும். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. அரிப்பு, குடைச்சல் இரண்டுக்கும் உதவும் காபாபென்டின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. டயாலிசிஸ் முடிந்தபின் மிகச் சிறிய அளவில்தான் தருவார்கள். மற்றவர்களுக்கான அளவில் எடுத்தால் மயக்கம், குழப்பம், தடுமாறி விழுதல் வரை போகும்.

குறட்டையும் மூச்சுத்திணறலும் வேறு கதை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ பருமனானவர்களின் நோய் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. டயாலிசிஸ் நோயாளிகளில் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. பகலெல்லாம் கணுக்காலில் வீக்கமாகத் தேங்கிய நீர், படுத்ததும் மேலேறிக் கழுத்துத் திசுக்களில் சேர்ந்து தொண்டைப் பாதையை நெருக்குவது இதற்கு ஒரு காரணம். 2001-இல் டொராண்டோ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வழக்கமான டயாலிசிஸிலிருந்து, வாரத்தில் ஆறேழு இரவுகள் எட்டு முதல் பத்து மணி நேரம் மெதுவாக நடக்கும் இரவு டயாலிசிஸுக்கு 14 பேர் மாற்றப்பட்டார்கள். மணிக்குச் சராசரியாக 25 முறை நிகழ்ந்த மூச்சுத் தடை 8 ஆகக் குறைந்தது. அத்தகைய வசதி எல்லோருக்கும் எட்டாது. ஆனால் இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையே சேரும் நீரைக் கட்டுக்குள் வைப்பது பலருக்கும் இயலும். தேவைப்பட்டால், மூச்சுப் பாதை அடையாதபடி முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியும் உண்டு.

பகல் உறக்கம் இரவைக் கெடுப்பதும் நடக்கிறது. டயாலிசிஸ் திரவத்தின் சூட்டால் உடல் வெப்பம் சற்றே ஏறுகிறது. அந்த வெப்பத்தை உடல் வெளியேற்ற முனையும்போது, மாலை மயங்கியதும் வரவேண்டிய தூக்கம் பகலிலேயே வந்துவிடுகிறது. திரவத்தின் வெப்பத்தை ஓரிரு டிகிரி குறைத்தபோது இரவுத் தூக்கம் மேம்பட்டதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இருட்டியபின் உயர வேண்டிய தூக்க ஹார்மோனான மெலடோனினும் இவர்களுக்குச் சரியாக உயர்வதில்லை. முதல் ஷிஃப்டுக்காக விடியுமுன் எழுந்து கிளம்புவதும், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கைப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாததும் தனி. இரவில் இயந்திரத்தின் உதவியோடு வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களை அதன் அலாரமே எழுப்பிவிடுகிறது.

இத்தனைக்கும் ஒரு தூக்க மாத்திரையைப் பதிலாக்குவது சுலபம், பயன்தான் சந்தேகம். 126 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், டிரசோடோன் மாத்திரையும் பேச்சுவழி நடத்தைச் சிகிச்சையும் வெற்று மாத்திரையைவிட மேலாக அமையவில்லை. டிரசோடோன் எடுத்தவர்களுக்கு இதயம் சார்ந்த கடும் பாதிப்புகள் கூடுதலாக இருந்தன.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டபின் ஓயாத கால் தொல்லை பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடுகிறது. மூச்சுத் தடை எல்லோருக்கும் அப்படி விலகுவதில்லை. பொருத்திய சிறுநீரகம் பழுதாகி மறுபடி டயாலிசிஸுக்கு வருபவர்களுக்குக் கால் குடைச்சலும் கூடவே திரும்பி வரக்கூடும்.