பல்லுக்குள் ஒரு கிளை வாய்க்கால்!

உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1957-ல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் தண்ணீர் இங்கிருந்துதான் வயல்களுக்குப் புறப்படுகிறது. பெரிய கால்வாயைத் தூர்வாரிவிட்டு ஒரு கிளை வாய்க்காலை மறந்துவிட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள், சொல்வார்!

நம் பல்லுக்குள்ளும் இப்படி வாய்க்கால்கள் உண்டு. சொத்தை ஆழமாக இறங்கினால், உள்ளேயுள்ள நரம்புச் சதை அழுகி, தாங்க முடியாத வலி உண்டாகும். அழுகலை நீக்கி, வாய்க்காலைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர்ச் சிகிச்சை.

"செய்த பிறகும் வலிக்கிறதே!" என்று சிலர் புலம்புவதுண்டு. விடுபட்டுப்போன ஒரு வாய்க்கால் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒளிந்திருக்கும் நான்காவது

மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாய்க்கால்கள் நான்கு! நான்காவது மிகக் குறுகலானது. எக்ஸ்ரே படம் தட்டையானது. ஒன்றின் பின் ஒன்றாக இருப்பவை ஒன்றாகவே தெரியும். 0.2 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை வெறுங்கண் பிரித்தறியாது.

திருப்பூரில் துணியின் இழைகளை எண்ணிப் பார்ப்பவர்கள் லென்ஸை வைத்துக்கொள்கிறார்கள் அல்லவா? பல் வைத்தியரும் அதையே செய்கிறார். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய லென்ஸ் சில மடங்கு பெரிதாக்கும். நுண்ணோக்கியோ இருபது மடங்குக்கு மேலும் பெரிதாக்கி, வெளிச்சத்தையும் நேராக உள்ளே பாய்ச்சும். அமெரிக்காவில் வேர்ச் சிகிச்சை நிபுணர் படிப்பில் நுண்ணோக்கிப் பயிற்சி கட்டாயமாகிவிட்டது.

நீளம் அளக்கும் மின்சாரம்

வாய்க்கால் எங்கே முடிகிறது என்பதை அறியவும் கருவி உண்டு. ஜப்பானியரான சுனாடா 1962-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழி வகுத்தது. மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, வேரின் நுனியை இக்கருவி காட்டிவிடும். பல்லை எல்லாப் பக்கமிருந்தும் காட்டும் முப்பரிமாண ஸ்கேனும் இப்போது வந்திருக்கிறது.

கருவி மட்டும் போதாது. பொறுமையும் கைத்திறனும் வேண்டும். வேர் பிளந்துபோன பல்லை நுண்ணோக்கியாலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்தப் பிளவைக் கண்டு சொல்ல அது உதவும்.

ஆகவே, சிகிச்சை செய்த பல் மீண்டும் வலித்தால், "பிடுங்கிவிடுங்கள்" என்று அவசரப்படாதீர்கள். "வாய்க்கால் ஏதாவது விட்டுப்போயிருக்குமா, பாருங்கள் ஐயா" என்று முதலில் கேளுங்கள். பிடுங்கிய பல் மறுபடி முளைக்காது!