செடி செழித்தும் காய் நிரம்பாதது ஏன்?

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் பயிர்க்கடன் வசூல் தொடர்பாகக் குறிஞ்சிப்பாடி வட்டத்துக் கிராமம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். தவணை கடந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தம் களத்துமேட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு கூடை மணிலாக் காய்களை என் முன் கொட்டினார். பார்வைக்குக் காய்கள் பருமனாகவே இருந்தன. உடைத்துப் பார்த்தால் பத்தில் நான்கு பொக்கு. "ஐயா, செடி பச்சைப் பசேலென்று நின்றது. எல்லாரும் போடுவதைவிட ஒரு மூட்டை யூரியா அதிகமாகவே போட்டேன். உரத்தில் நான் குறை வைக்கவில்லை" என்றார் அவர்.

அவர் கூறியது உண்மையே. உரத்திற்கு அவர் செலவழிக்கத் தயங்கவில்லை. ஆனால் எந்தச் சத்து அவருடைய நிலத்தில் குறைந்திருந்ததோ அதனை அவர் இடவில்லை. குறையாத சத்தையே மேலும் மேலும் இட்டார். அந்த அதிகப்படி மூட்டையின் விலையும் அவருடைய கடன் கணக்கில் ஏறியிருந்தது. இத்தகைய நஷ்டம் நம் அங்கத்தினர் பலருக்கும் நேர்கிறது. ஆதலின் இதன் காரணத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பயிரின் உணவு

பயிர்கள் வளர்வதற்குப் பதினேழு மூலகங்கள் இன்றியமையாதவை என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கின்றனர். கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. மற்றப் பதினான்கையும் பயிர் மண்ணிலிருந்தே பெறவேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் பேரளவில் வேண்டப்படுபவை. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகியவை அவற்றிற்கு அடுத்த நிலையில் உள்ளவை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் நுண்ணளவே தேவைப்படுபவை. அளவு சிறிது என்பதனால் அவை இல்லாமலும் இருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்தச் சத்து தேவைக்கு மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே விளைச்சலின் அளவை முடிவு செய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர்களான ஸ்பிரெங்கல், லீபிக் ஆகியோர் விளக்கிய விதி இது. நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. தறியில் பத்து லுங்கிக்குப் பாவு இருக்கிறது. ஆனால் ஊடை நூல் ஆறு லுங்கிக்குத்தான் இருக்கிறது என்றால், நெய்து முடிப்பது ஆறு லுங்கியே. மேலும் பாவு நூலை வாங்கிக் குவிப்பதால் ஏழாவது லுங்கி கிடைக்காது. நூல் கடன்தான் ஏறும். யூரியா மூட்டையின் கதையும் இதுவே.

நம் மண்ணின் இயல்பு

கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டு நிலங்கள் பல யுகங்களாக வெயிலுக்கும் மழைக்கும் ஆளானவை. கரையக் கூடிய சத்துக்களைப் பெருமழை கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. எஞ்சியவை மணலும், மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடும், ஓரளவு களிமண்ணும் ஆகும். அக்களிமண்ணும் பெரும்பாலும் கயோலின் வகையைச் சேர்ந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள படிவங்களில் காணப்படும் வெண்களிமண்ணும் இவ்வினமே. கரிசல் மண்ணிலுள்ள களிமண்ணைப் போல இது சத்துக்களைப் பெருமளவில் பற்றிவைத்துக் கொள்ளாது. ஆகவே நம் மேட்டு நிலங்களில் கால்சியம், சாம்பல்சத்து, போரான் ஆகியவை எளிதில் கரைந்து போகின்றன. மணிச்சத்தையோ இரும்பு ஆக்சைடு பிடித்துக்கொண்டு பயிருக்கு எளிதில் விடுவதில்லை.

மணிலாவின் தனிப் பழக்கம்

மல்லாட்டை என்று நம் பக்கத்தில் வழங்கும் மணிலா, பூமிக்கு மேல் பூத்துப் பூமிக்குள் காய்ப்பது. பூ கருவுற்ற பின் விழுது இறங்கி, மண்ணுக்குள் அதன் நுனி காயாகிறது. இதில்தான் நுட்பம் இருக்கிறது.

வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோட்டத்துடன் மேலே செல்கிறது. இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவதால் அந்த ஓட்டம் இலைகளை நோக்கியே நடைபெறுகிறது. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை. எனவே அந்த ஓட்டம் காயை அடைவதில்லை. இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வருவதும் இல்லை. வளரும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மேல்மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சிக் கொள்ளவேண்டும். அங்கே அது இல்லையெனில், செடி எவ்வளவு செழித்திருந்தாலும் காய் பொக்காகும். அந்த அங்கத்தினர் கொட்டிக் காட்டிய கூடையின் விளக்கம் இதுவேயாகும்.

இதற்குப் பரிகாரம் ஜிப்சம். இதில் கால்சியமும் கந்தகமும் அடங்கியுள்ளன. முன்னது பருப்பை நிரப்பும். பின்னது எண்ணெய்ச் சத்து உருவாக உதவும். ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் செடியின் அடியில் இட்டு, களை கொத்தி மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தை அனுசரித்துச் சிறிது பிந்தியும் இடலாம். விழுது இறங்கிய பின் மண்ணைக் கிளறுதல் ஆகாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதமே. ஆனால் அதனுடன் கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே வருகின்றன. டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து 46 சதவீதம், தழைச்சத்து 18 சதவீதம். கால்சியமும் கந்தகமும் இல்லை. சூப்பரை விட்டு டி.ஏ.பி.க்கு மாறியவர்கள், முன்னர் கேளாமலே கிடைத்து வந்த இரு சத்துக்களை அறியாமலே இழந்துவிட்டார்கள்.

நெல்லில் துத்தநாகக் குறை

பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுவோரும் இதே பாடத்தை வேறு வகையில் கற்கவேண்டும். நடவு செய்து இரண்டு மூன்று வாரங்களில் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி, இலைகளில் துருப்பிடித்தாற் போன்ற புள்ளிகள் தோன்றுவதுண்டு. இதனைக் கண்டதும் யூரியாவை வீசுவது பலருடைய வழக்கம். வட இந்தியாவில் 'கைரா' என வழங்கிய இந்நோய்க்குக் காரணம் கிருமியன்று, துத்தநாகக் குறையே என்பதனைப் பந்த்நகர் விவசாயப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி நெனே 1966ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். நீர் தேங்கி நிற்கும் வயலில் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாத நிலையை அடைகிறது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன்னர் தூவினால் போதும். மணிச்சத்து உரத்துடன் இதனைக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டின் பயனும் குன்றும்.

மலிவு காட்டும் வழி

1966ஆம் ஆண்டில் நெய்வேலியிலேயே யூரியா ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலை இன்று இல்லையாயினும், யூரியாப் பழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. அதன் சில்லறை விலையை அரசாங்கமே குறைவாக நிர்ணயிக்கிறது. 2010ஆம் ஆண்டு முதல் மணி, சாம்பல் உரங்களுக்கு வேறு வகை மானியம் நடைமுறைக்கு வந்தது. விலை வித்தியாசம் பெரிதாகவே, கை தானாக யூரியாவை நாடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ மூட்டை யூரியாவில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மணிலாவின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆகையால் அப்பயிருக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய அரை மூட்டைக்கு மேல் யூரியா தேவையில்லை. மிகுதி இட்டால் தழை பெருகும்; வேர் முடிச்சுகள் சோம்பிவிடும்.

மண்ணின் கணக்குப் புத்தகம்

கணக்கைப் பாராமல் கடன் கொடுக்கும் சங்கம் நிலைக்காது. மண்ணைச் சோதிக்காமல் உரமிடும் குடியானவர் நிலையும் அதுவே. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு விவரங்கள் பதிவாகின்றன: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். இவற்றுள் கால்சியம் இல்லை என்பதனைக் கவனியுங்கள். அட்டையில் எழுதவில்லையே என்று மணிலாவுக்கு ஜிப்சம் இடாமல் இருந்துவிடக் கூடாது.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். வரப்போரம், எருக்குழி, மர நிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சீராகச் செதுக்கி எடுங்கள். நிழலில் உலர்த்திக் கலந்து, நான்கு கூறாக்கி எதிரெதிர்க் கூறுகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறையுங்கள். உரச் சாக்கிலோ துத்தநாகம் பூசிய வாளியிலோ எடுத்தால் முடிவு பிழையாகிவிடும்.

ரசாயன உரத்தால் மட்டும் மண் வளம் நிலைப்பதில்லை. தொழு எரு, ஏரி வண்டல், கொளிஞ்சி, தக்கைப்பூண்டு, ஆட்டுக் கிடை ஆகியவை மண்ணின் சேம நிதியைப் போன்றவை. கோயமுத்தூரில் 1909ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் நிரந்தர உரப் பரிசோதனை வயல், ஒரே சத்தை நம்பிய பாத்திகள் தளர்வதையும், தொழு எருவும் சமன்பட்ட உரமும் பெற்றவை நிலைப்பதையும் காட்டியிருக்கிறது.

சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழிப் பட்டத்து மணிலாவுக்கு மாசி பிறக்கும் வேளையில் ஜிப்சம் தேவை. அப்போது கிடங்கில் யூரியா மட்டும் அடுக்கியிருந்தால் அங்கத்தினர் வேறு எதை வாங்குவார்? முன்கூட்டியே தேவைப் பட்டியல் எடுத்து, தை மாதத்திற்குள் வரவழைத்து வையுங்கள். பயிர்க்கடனின் உரப் பகுதி மண்ணின் குறையைத் தீர்த்தால்தான் கடன் திரும்பி வரும்.

மேற்சொன்ன அங்கத்தினர் தவணையை நீட்டித்துக் கொண்டு, தம் நிலத்து மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். இவ்வாண்டு அவர் கொடுத்துள்ள உரப் பட்டியலில் யூரியா ஏக்கருக்கு அரை மூட்டை. ஜிப்சம் 160 கிலோ. வருகிற வைகாசியில் அதே களத்துமேட்டில் மறுபடியும் காய் உடைத்துப் பார்ப்பதென்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.