வீட்டுக் கோழிகளும் இரவு வேட்டையாடிகளும்: மின்கம்பியும் நஞ்சும் தீர்வாகுமா?

பொருளாதார நெருக்கடி உச்சமடைந்திருந்த 2022ஆம் ஆண்டில், வீட்டுத்தோட்டம் செய்யுமாறு மக்களை வலியுறுத்திய அரசாங்கம், அரச ஊழியர்கள் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கியது. அடுத்த ஆண்டே இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலைமை நாட்டுக்கு ஏற்பட்டது. முட்டையைக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டியிருந்த அந்நாட்கள், வளவின் மூலையில் நாலைந்து கோழிகள் நிற்பதன் பெறுமதியைப் பல குடும்பங்களுக்கு மீண்டும் உணர்த்தின. எமது கிராமங்களிலும் மலையகத் தோட்டக் குடியிருப்புகளிலும் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றது. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் அவசர மருந்துக்கும் கைகொடுப்பது முட்டை விற்ற பணமேயாகும். அது எந்த வங்கிக் கணக்கிலும் சேராத சேமிப்பு.

அத்தகைய சேமிப்பு ஓரிரவில் அழிந்து போவது கிராமத்தவர்களுக்குப் புதிய அனுபவமல்ல. விடியற்காலையில் கூட்டைத் திறக்கச் சென்றால் இறகுகள் சிதறிக் கிடக்கும். எட்டுக் கோழிகளில் ஆறு செத்துக் கிடக்கும். மீதி இரண்டு மூலையில் ஒடுங்கி நிற்கும். கவலை கோபமாக மாற அதிக நேரம் செல்வதில்லை. அன்று மாலையே செத்த கோழியில் நஞ்சு தடவி வைப்பவர்களும், வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பி இழுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டுபவர்களும் உள்ளனர். கோழிகளின் இழப்பிலும் பார்க்க, அதற்குப் பின்னர் எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளே எமக்குக் கூடிய கவலையைத் தருகின்றன.

"தின்பதற்கு ஒன்றைக் கொண்டு போயிருந்தால் பரவாயில்லை, எல்லாவற்றையும் கொன்று போட்டுவிட்டதே" என்பதுதான் பாதிக்கப்பட்டோர் வழமையாகக் கூறும் முறைப்பாடு. இதனை விலங்கின் வன்மம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நெதர்லாந்தில் பிறந்த விலங்கியலாளரான ஹான்ஸ் குறூக் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் இந்நடத்தையை ஆராய்ந்துள்ளார். இருண்ட இரவுகளில் கடற்பறவைக் கூட்டங்களுக்குள் புகுந்த நரிகள் தம்மால் உண்ண முடியாத அளவு பறவைகளைக் கொன்றிருந்தன. பகலில் எழுந்து பறந்துவிடும் அப்பறவைகள் இருளில் அசையாது இருந்தமையே அதற்கு வழிவகுத்தது. வேட்டை விலங்கின் மூளையில் பசி தணிந்ததும் தேடல் நின்றுவிடலாம். ஆனால், கண்ணெதிரே இரை படபடத்துக்கொண்டிருக்கும் வரை பிடிக்கும் உந்துதல் நிற்பதில்லை. காட்டில் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றவை தப்பியோடிவிடுவதால் அந்த உந்துதல் தானாகவே அடங்கிவிடுகின்றது.

எமது கோழிக்கூட்டில் நடப்பதும் இதுவே. கோழிக்கு மங்கிய ஒளியில் பார்வை மிகக் குறைவு. அதனாலேயே அதன் மூதாதையரான காட்டுக்கோழி பொழுதுபட்டதும் மரக்கிளையில் ஏறி உறங்குகின்றது. எமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் அவ்வாறே. முன்னர் முருங்கையிலும் மாமரத்திலும் ஏறித் தங்கிய ஊர்க் கோழிகளை நாம் பாதுகாப்புக்காகக் கூட்டில் அடைத்தோம். ஆனால், உள்ளே நுழைய வழியுள்ள கூடு கோழிக்குப் பாதுகாப்பன்று. தப்பிக்கும் வழியை மாத்திரம் அது அடைத்துவிடுகின்றது. கூடே இல்லாத கோழியை விட அரைகுறைக் கூட்டில் உள்ள கோழிக்கே ஆபத்து அதிகம் எனலாம்.

வந்தது எது என்பதை அறியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் வீண். முதலில் கவனிக்க வேண்டியது நேரம். கீரி பகலில் நடமாடுவது. மரநாய் இரவில் வருவது. பருந்தும் வல்லூறும் காகமும் பகற்பொழுதில் குஞ்சுகளைத் தூக்குவன. கோழிகள் இரவில் செத்திருக்க, காலையில் வேலியோரம் ஓடிய கீரியைக் குற்றவாளியாக்குவது எமது ஊர்களில் அடிக்கடி நிகழும் அநீதியாகும். அடுத்தது தடயம். உண்ணப்படாத உடல்கள் வளவெங்கும் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் அது நாய்களின் வேலை. ஒரு கோழி முழுதாகக் காணாமற்போய் இறகுத் தடம் மாத்திரம் வேலியை நோக்கிச் சென்றால், வன்னி போன்ற பகுதிகளில் நரியையும், கொழும்பை அண்டிய சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனையையும் சந்தேகிக்கலாம். கூட்டின் கம்பிவலை அருகே தலையோ கழுத்தோ கடித்தெடுக்கப்பட்ட உடல் கிடந்தால், வெளியே நின்றவாறு வலைக்கண்ணினூடாக ஏதோ ஒன்று பிடித்திழுத்துள்ளது என்று கொள்ளலாம். முட்டை ஓடு கூட இல்லாமல் மறைந்தால் பாம்பையோ உடும்பையோ நினைக்க வேண்டும். பெருச்சாளி சிறு குஞ்சுகளைத் தனது வளைக்கே இழுத்துச் சென்றுவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் மாலையில் கூட்டைச் சுற்றிச் சலித்த சாம்பலையோ மணலையோ மெல்லியதாகத் தூவி வைப்பது செலவில்லாத வழியாகும். நாயின் தடத்தில் நான்கு விரல்களும் நகக்குறிகளும் தெரியும். பூனையினத்தின் தடத்தில் நான்கு விரல்கள் இருந்தாலும் பெரும்பாலும் நகம் பதிவதில்லை. மரநாய்க்கும் கீரிக்கும் விரல்கள் ஐந்து. இவ்வாறு பார்த்தவர்கள் பலர், தாம் பழி சுமத்திய காட்டு விலங்குக்குப் பதிலாக அயல்வீட்டு நாயின் தடத்தையே கண்டிருக்கின்றனர்.

இனி, மின்கம்பி பற்றிய விடயத்துக்கு வருவோம். "யானை வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள்தானே, கோழிக்கூட்டுக்குப் பாய்ச்சினால் என்ன?" என்று கேட்போர் உள்ளனர். இரண்டுக்கும் இடையே உயிருக்கும் மரணத்துக்குமான வேறுபாடு இருக்கின்றது. யானை வேலிக்கான கருவி, நொடிக்கு ஒரு தடவை போல, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான துடிப்பாகவே மின்னை அனுப்புகின்றது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகுவதற்கு இடைவெளி கிடைக்கின்றது. வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் மின்னோட்டமோ இடைவிடாது பாய்வது. அது தசைகளை இறுக்கிப் பிடித்துவிடுவதால் தொட்டவரால் கையை விடுவிக்க முடிவதில்லை. மழை பெய்து மண் நனைந்திருந்தால் ஆபத்து மேலும் அதிகரிக்கின்றது. காட்டுப்பன்றிக்கென இழுக்கப்பட்ட சட்டவிரோதக் கம்பிகளில் சிக்கி யானைகளும் மனிதர்களும் உயிரிழந்த செய்திகளைப் பத்திரிகைகளில் தொடர்ந்து வாசித்து வருகின்றோம். கோழிக்கூட்டின் கம்பியோ வயல்வெளியில் இருப்பதில்லை. வீட்டு முற்றத்தில் இருக்கின்றது. அதிகாலையில் எழும் பாட்டியும், பந்து தேடி வேலியைத் தாண்டும் அயல்வீட்டுச் சிறுவனும் அதனருகில்தான் நடமாடுகின்றனர். ஓர் உயிர் போனால், "மரநாய்க்குத்தான் வைத்தேன்" என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடப் போவதில்லை.

நஞ்சின் நிலைமையும் அவ்வாறே. அது யாரைத் தேடிப் போகின்றது என்பதை வைத்தவரால் தீர்மானிக்க முடியாது. நஞ்சுண்ட இறைச்சியைக் காகம் கொத்தி அடுத்த வீட்டுக் கிணற்றடியில் போடலாம். மரநாய் ஒன்று செத்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். கூட்டின் ஓட்டை அப்படியே இருக்கும். கூண்டு வைத்துப் பிடித்து வேறூரில் விட்டுவிடுவோரும் தமது தொல்லையை வேறொருவர் வளவுக்கு மாற்றுகின்றனரே தவிர வேறொன்றையும் செய்வதில்லை. மீன்பிடிப் பூனையும் வேட்டைப் பறவைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மரநாயைப் பொறுத்தவரை, கோழி அதன் முதன்மை உணவே அல்ல. பழங்களை அதிகம் உண்டு விதைகளைப் பரப்பும் விலங்கு அது. பனையில் கட்டிய கள்ளு முட்டியிலும் வாய் வைக்கும். திறந்த கூட்டைக் கண்டால் மாத்திரம் விட்டு வைப்பதில்லை.

தாக்குதல் நடந்த காலையில் முதலில் பார்க்க வேண்டியவை உயிரோடுள்ள கோழிகளாகும். வெளிப்பார்வைக்கு நலமாக நிற்கும் கோழியின் இறகுகளுக்கடியில் பல் பதிந்த துளைகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் தூக்கி, இறகை விலக்கிப் பார்ப்பது அவசியம். காயமுற்றதை உடனே பிரித்து வைக்காவிட்டால் இரத்தத்தைக் கண்ட மற்றக் கோழிகளே அதனைக் கொத்திவிடும். கொதித்தாறிய உப்பு நீரால் காயத்தைக் கழுவி, கடதாசிப் பெட்டியொன்றில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்துத் தண்ணீர் கொடுத்தால் அதிர்ச்சியிலிருந்து பல கோழிகள் மீண்டுவிடுகின்றன. எமது காலநிலையில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதே பெரிய எதிரியாகையால், காயத்தை நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும். ஆழமான கடிக்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுவதே முறை.

மனிதர்களுக்குள்ள ஆபத்து இதனிலும் பெரிது. கோழியை மீட்கப் போய் நாயிடமோ மரநாயிடமோ கீரியிடமோ கடியோ கீறலோ வாங்கியவர், சிறு காயம்தானே என்று இருந்துவிடக் கூடாது. நீர்வெறுப்பு நோய் பாலூட்டிகளின் கடியால் பரவுவது. அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் தப்புவது ஏறக்குறைய இயலாத காரியம். காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தடுப்பு மருந்து அங்கு இலவசமாகவே வழங்கப்படுகின்றது. பகலில் அச்சமின்றி மனிதரை நெருங்கும் அல்லது தள்ளாடித் திரியும் மரநாயைத் தொடவே கூடாது.

செத்த கோழியைச் சமைக்கலாமா என்ற கேள்வி வறிய வீடுகளில் இயல்பாகவே எழுகின்றது. வேட்டை விலங்கு கடித்துச் செத்ததை உண்பது முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாகும். உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டது மாத்திரமே அதற்கு விதிவிலக்கு எனக் குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் குறிப்பிடுகின்றது. சுகாதார நோக்கிலும், எப்போது செத்தது என்று தெரியாத, விலங்கின் எச்சில் பட்ட இறைச்சி எந்தச் சமூகத்தவருக்கும் உகந்ததன்று. ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதே சிறந்தது. தெருவோரத்தில் வீசினால் அது நாய்களை அழைப்பதாகவே முடியும்.

அன்று பொழுதுபடுவதற்குள் கூட்டைச் சரிசெய்தாக வேண்டும். வந்த விலங்கு அடுத்த இரவும் வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கானது. நாயின் பல்லுக்கும் மரநாயின் கைக்கும் அது தாக்குப்பிடிக்காது. கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலக் கண்ணுடைய பற்றவைத்த கம்பிவலை தேவை. அதனை நிலத்தில் ஓரடி ஆழம் புதைக்கலாம். அல்லது வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்கு நிலத்தில் பரப்பிக் கல் வைக்கலாம். தோண்டும் விலங்கு சுவரோரம்தான் தோண்டுமே அன்றி இரண்டடி பின்னால் நின்று தோண்டாது. மரநாய் மேலிருந்து வருவதால் கிடுகுக் கூரை மாத்திரம் போதாது. கிடுகுக்குக் கீழே வலை அடிக்கப்பட வேண்டும். தலை நுழையும் எந்த நீக்கலும் அதற்கு வாசல். கதவுக்குக் கயிறு கட்டும் பழக்கத்தை விட்டு, கொளுக்கியோ தாழ்ப்பாளோ போடுவது நல்லது. இவற்றுக்குச் செலவாகும் பணம் ஓரிரு கோழிகளின் விலைக்கு மேல் போகலாம். வசதியற்றவர்கள் பெரிய கூடொன்றுக்குப் பதிலாக, நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்திய சிறிய பலகைக் கூடொன்றை இரவுக்கென வைத்திருக்கலாம். பகலில் கோழி வளவில் மேயட்டும்.

கோயில் மணியும் மஃரிப் பாங்கும் ஒலிக்கும் வேளையில் கூட்டுக் கதவு மூடப்பட்டுவிட வேண்டும். கோழிகளை எண்ணி மூடுவது இன்னும் நல்லது. குஞ்சுத் தாயைக் கூடையால் கவிழ்த்து மூடும் எமது பழைய வழக்கம் பகலில் பருந்துக்கு எதிராகச் சிறந்ததே. இரவில் அக்கூடையை மரநாய் புரட்டிவிடும். சிந்திய தீனியை மாலையில் கூட்டி அள்ளாவிட்டால் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும்.

நாய்களின் தொல்லைக்குக் கூடு மாத்திரம் பதிலாகாது. தெருநாய்களைக் கொல்லாத கொள்கையை அரசாங்கம் 2006ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகின்றது. கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடைபெற்றால் மாத்திரமே அக்கொள்கை பயனளிக்கும். கட்டாக்காலி நாய்கள் பெருகியுள்ள இடங்களில், மக்கள் தனித்தனியே புலம்பாமல் பிரதேச சபையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் கூட்டாக எழுத்தில் கேட்க வேண்டும். அயலவரின் நாயாயின், தடத்தைக் காட்டி அமைதியாகப் பேசுவதே முதல் வழி. கோழிக்காகத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இரு குடும்பங்கள் முகம் பாராதிருக்கும் ஊர்கள் எமக்குத் தெரியாதவையல்ல.

தப்பிய கோழிகள் சில நாட்களோ சில வாரங்களோ முட்டையிடாமல் இருக்கக்கூடும். அதனைக் கண்டு, இனிப் பயனில்லையென விற்றுவிட வேண்டியதில்லை. வழமையான நேரத்தில் தீனியும் தண்ணீரும் கிடைத்து, இரவுகள் அமைதியாகக் கழிந்தால் அவை மீண்டும் முட்டையிடத் தொடங்கும். புதிய கோழிகளை வாங்குவதையோ அடை வைப்பதையோ கூடு திருத்தப்பட்டு இரண்டு வாரங்கள் கழியும் வரை ஒத்திவைப்பது உசிதமானது. அதற்கிடையில் சாம்பலில் புதிய தடம் விழுகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.