படிவத்தில் எழுதியது எங்கே போகிறது?

வீட்டில் கொம்பியூட்டர் இல்லாதவர்கள் ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப யாழ்ப்பாணத்தில் சந்திக் கொமியூனிக்கேஷன் கடைக்குத்தான் போவார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கடைத் தம்பி தட்டிக் கொடுப்பார். 'சமர்ப்பி' அழுத்தியதும் மேலே இருக்கும் முகவரிப் பட்டையைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் உங்கள் அடையாள அட்டை இலக்கம் நின்றால், அந்தத் தளத்தைப் பிழையாகக் கட்டியிருக்கிறார்கள்.

'கெட்' முறையில் அனுப்பும் படிவத்தின் விபரம் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும். பிரவுசரின் வரலாற்றிலும் சேர்வரின் பதிவிலும் தங்கும். அந்த லிங்கை வைபரில் போட்டால் கூடவே போகும். 'போஸ்ட்' முறையில் அது முகவரியில் தெரியாது. முகவரி https என்று தொடங்கினால் வழியிலும் வாசிக்க முடியாது.

வெறும் இலக்கம்தானே என்று விடக்கூடாது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். ஆக, இலக்கம் கசிந்தால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் கசிந்துவிடும். டியூட்டரியில் சேரும் படிவம் இந்த இலக்கத்தைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

தளம் செய்விப்பவர்களும் செய்பவர்களும் கவனிக்கவேண்டியது வேறு. படிவத்தில் மறைத்து வைத்த புலத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்புகிறார்கள். எஃப்12 விசையை அழுத்தினால் அது தெரியும். அதில் இருக்கும் 2500 ரூபா கட்டணத்தை 25 ஆக்கி அனுப்பலாம். வந்ததை அப்படியே ஏற்கும் சேர்வர் நிரல் 25 என்றே பதியும். 2012 மார்ச்சில் எகோர் ஹொமகோவ் என்ற இளைஞர் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் படிவமொன்றில் வேறொரு கணக்கின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பி, இணையத்தளம் கட்ட உதவும் ரெயில்ஸ் மென்பொருளின் திட்டத்திலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, அனுமதித்த புலங்களை மட்டும் ஏற்கும் முறையைக் கொண்டுவந்தது. கட்டணத்தைச் சேர்வரே கணக்கிடட்டும். ரசீது இலக்கத்தை மாற்றிக் கேட்டால், கேட்பவருக்கு அது உரியதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கட்டும். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனம் இதைப் பார்க்காததால்தான் 88 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்கள் திறந்து கிடந்தது 2019இல் வெளிவந்தது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றி வைத்திருப்பதைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகளை எழுதியிருக்கிறது. அதன் பகுதிகள் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருவதால், எது அமுலில் இருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் விசாரியுங்கள். தளத்தாரிடம் எழுத்தில் கேட்பதற்கு, எல்லாம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஓட்டை கண்டால் பிறர் இலக்கங்களைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றம். உங்கள் பக்கத்தை மட்டும் படம் எடுத்து, இலக்கத்தை மறைத்து, தளத்தாருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு 101இல் அழைத்து அறிவியுங்கள்.